உருட்டி விட்ட எலுமிச்சம்பழம்

வா மாப்பிள்ளை, உக்காரு. உன்ற ஊட்டுலயே உன்னை உக்காரச் சொல்றேன் பாத்தியா, தாய்மாமன் திமிருன்னா இதுதான். மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறி 33 கிலோமீட்டரும் வளைவு வளைவாச் சுத்தி வந்ததுல, காலையில தின்ன இட்லி இன்னும் வயித்துக்குள்ள வளைவு எடுத்துக்கிட்டு இருக்குது. அம்மிணிகிட்டச் சொல்லி மொதல்ல ஒரு டீயைக் கொண்டா. கோத்தகிரிக்கு வந்து காப்பி கேக்கற ஆளு நானில்லை.

என்னது, போன்ல காட்டற? கொட்டேசனா? எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது, நீயே படி. கிளாஸ் ரெய்லிங், 60 அடி, மூணு லட்சத்துச் சொச்சம். சரித்தான். மலை ரயிலு மேட்டுப்பாளையத்துல கெளம்பிக் குன்னூருக்கும் ஊட்டிக்கும்தான் போச்சு. கோத்தகிரிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. வெள்ளைக்காரன் கொண்டு வராத ரெயிலை நீ ஒத்தை ஆளாக் கொண்டு வர்றே, அதுவும் கண்ணாடியில. எங்க பரம்பரையில இத்தனை பெரிய ஆளு பொறந்ததில்லை.

கோவிச்சுக்காத. பேசறதுக்குத்தான் வந்தேன். போன வாரம் உங்கம்மா போன் பண்ணி, "அண்ணா, பேத்தி சரிவுல ஓடறா, எனக்கு நெஞ்சு படபடங்குது, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா"ன்னு அழுதா. உன்ற பொடுசுக்கு மூணு வயசு. மூணு வயசுல கொழந்தை நடக்காது, ஓடத்தான் செய்யும். அதுலயும் எறக்கம்னா ஓடறது அதோட கையில இல்லை, எறக்கத்தோட கையில. அதனால தடுப்பு வேணும்கிறதுல உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை. போடு. தாராளமாப் போடு. எங்க போடறேங்கறதை மட்டும் காட்டு.

இங்கயா? உக்கார்ற எடத்துக்கு முன்னால, இந்த டைல்ஸ் திண்ணையோட வெளிம்புலயா? பலே. இங்கிருந்து பாத்தா தேயிலைக்காடு தெரியுது, மஞ்சு தெரியுது, அக்கட்டால பள்ளத்தாக்கு தெரியுது. கண்ணாடி போட்டா மறைக்காது. காலையில காப்பிக் கோப்பையோட நின்னு போட்டோ எடுத்து ஒறம்பரைக்கெல்லாம் அனுப்பலாம். ரொம்ப நல்ல ரோசனை. இரு, சித்த நேரம் பொறு. பையில என்ற தோட்டத்து எலுமிச்சம்பழம் நாலு கொண்டாந்தேன். நீ புதுக் கார் வாங்கினப்ப டயருக்கடியில வெச்சு நசுக்கினியே, அதே ஜாதிதான். ஒண்ணை எடு. உன்ற மக எந்த வாசப்படியில எறங்கி ஓடுவாளோ, அங்க வெச்சு மெதுவா விடு. தள்ளாத, விடு.

போச்சா? எங்க போச்சு? நீ கண்ணாடி போடற பக்கமே அது திரும்பிப் பாக்கலை. பைப்படி ஓரமா எறங்கி, கொய்யாமரத்தைச் சுத்தி, இடது மூலையில கல்லுக்கட்டு மேல முட்டி நிக்குது. இன்னொண்ணு விடு. அதுவும் அங்கயே. மூணாவது அந்த மூலைக்கே போய், செவுத்துல முட்டித் தாண்டித் தேயிலைக்காட்டுத் தடத்துல விழுந்துட்டுது பாரு. அங்க செவுரு ஒரு சாண் ஒசரம்கூட இல்லை. அதுக்கு அந்தப் பக்கம் ஏழடிப் பள்ளம். நான் வந்ததும் குச்சி வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்தேனே, மாமனுக்கு மூட்டுவலின்னு நெனச்சிருப்பே. உன்ற ஓஸ் பைப்புல தண்ணி நெரப்பி மட்டம் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தத் திண்ணையிலிருந்து அந்த அடிச் செவுரு வரைக்கும் 40 அடி. அதுக்குள்ள 12 அடி எறக்கம். திண்ணைக்கு நேரா முன்னால இருக்கற எறக்கம் வெறும் ஒண்ணரை அடி. அதுல விழுந்தா முழங்கால் சிராய்க்கும், அம்மிணி ஊதி விடுவா, முடிஞ்சுது. ஆக, கண்ணு போற எடத்துல மூணு லட்சம் வெச்சிருக்கே. காலு போற எடத்துல ஒரு சாண் செவுரு வெச்சிருக்கே.

கொட்டேசன் குடுத்தவனைத் திட்டாத. அவன் கண்ணாடிக்காரன். எந்த எடத்துல மாட்டினா கண்ணாடி அழகா இருக்கும்னுதான் பாப்பான். என்ற வாழைத்தோட்டத்துக்கு வந்தா அங்கயும் ஒரு நல்ல எடம் பாத்துச் சொல்லுவான்.

வா, அந்த மூலைக்குப் போலாம். கையைப் புடிச்சுக்க, எனக்காக இல்லை, உனக்காகத்தான். செருப்பைக் கழட்டிட்டு வா.

இந்தக் கல்லுக்கட்டைப் பாரு. பக்கவாட்டுல நின்னு ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பாரு. நடுவுல வயிறு தள்ளியிருக்குதா? எத்தனை மாசம்? இதுக்கு வளைகாப்புப் பண்ணுற நெலமை வந்துட்டுது மாப்பிள்ளை. அடியில வரிசையா வட்ட வட்டமா வெள்ளைப் பொட்டு தெரியுதே, அது என்ன? ஆமா, தண்ணி வடியற ஓட்டை. கட்டினவன் புத்திசாலி, ஆறடிக்கு ஒண்ணு பைப்பு வெச்சிருக்கான். அப்புறம் நீ கிரகப்பிரவேசத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டே. அவன் ஓட்டை அசிங்கமா இருக்குதுன்னு சிமெண்ட்டை வெச்சு அடைச்சு மேல வெள்ளை பூசிட்டான். நீயும் "ஆகா, என்ன ஃபினிஷிங்கு"ன்னு டிப்ஸ் குடுத்திருப்பே.

மண்ணு மட்டும் இருந்தா செவுரு தாங்கும். மண்ணுக்குள்ள தண்ணி நின்னாத்தான் வம்பு. மண்ணு ஊறிக் கனமாயிரும். அதுக்கு மேல தண்ணியும் தன் பங்குக்குத் தள்ளும். ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன்னு. மேல பாரு, உன்ற கூரைத் தண்ணி பைப்பு எங்க வந்து விழுது? நேரா இந்தச் சரிவு மேல. 1000 சதுரடிக் கூரையில ஒரே நாள்ல 10 செண்டிமீட்டர் மழை பெஞ்சா 9000 லிட்டருக்கு மேல. ஒரு டேங்கர் லாரியை இந்த மண்ணுக்குள்ள கவுத்த மாதிரி. கோத்தகிரிக்கு ஆனி ஆடி மழை எச்சு வராது, தொட்டபெட்டா குறுக்க நின்னு தடுத்துக்கும். ஐப்பசி கார்த்திகையிலதான் இங்க ஊத்தும். 2009 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்காது, அப்ப நீ பெங்களூர்ல படிச்சுக்கிட்டு இருந்தே. இந்த மலையில பக்கம் பக்கமாச் சரிஞ்சுது. 40 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. ரோடு துண்டாகி, கீழிருந்து வாழைத்தார் ஏத்தின வண்டியெல்லாம் திரும்பி வந்துட்டுது. அந்த வாரம் பூரா எங்க பக்கம் யாரும் சத்தமாப் பேசலை. அதை வெச்சுக் கேலி பண்ண மாட்டேன், சொல்லிட்டு நகந்துக்கறேன்.

ஆக மொத வேலை கண்ணாடிக்காரனுக்கில்லை, கொத்தனாருக்கு. அடைச்ச ஓட்டையைத் தொறக்கோணும். பின்னால ஜல்லி இல்லாட்டி மண்ணே வந்து மறுபடி அடைச்சுக்கும், அதனால தோண்டி ஜல்லி போடோணும். வயிறு தள்ளின எடத்தைப் பிரிச்சுத் திரும்பக் கட்டோணும். கூரைத் தண்ணியைப் பைப்புல புடிச்சுப் பக்கத்து ஓடைக்கு விடோணும், இல்லாட்டித் தொட்டி கட்டி நெரப்பிக்கோ. மேல ஒரு வாய்க்கால் குறுக்க வெட்டினா மலைத்தண்ணி உன்ற தோட்டத்துக்குள்ளயே வராது. இதெல்லாம் போட்டோவுல விழாத வேலை, அதான் உனக்குத் தோணலை.

சரி, "கல்லுக்கட்டு மேலயே கண்ணாடியை நட்டுரலாமே மாமா"ங்கறே. நடலாமே. கொட்டேசன்ல "ஸ்பிகாட்"னு ஒண்ணு இருக்குதே, அது என்ன தெரியுமா? முழங்கை ஒசரம்கூட இல்லாத குட்டை எஃகுக் காலு. கண்ணாடியோட அடியைக் கவ்விப் புடிச்சுக்கும். அந்தக் காலைத் தரையில ஓட்டை போட்டு எறக்கி, மருந்துப் பசை ஊத்தி இறுக்குவாங்க. ஒரு மீட்டர் ஒசரக் கண்ணாடி மேல ஒரு ஆளு சாஞ்சா, அந்தச் சாய்மானம் பூராவும் அந்தக் குட்டைக் காலுக்கு வந்து சேரும். மம்பட்டிப் புடியை மேல புடிச்சு நெம்பறியே, அதே கணக்கு. காலு எஃகு, தாங்கும். மருந்தும் தாங்கும். கீழ இருக்கறது கல்லும் சந்துமா அடுக்கின கட்டு. அது கண்ணாடியோட, காலோட, சாஞ்ச ஆளோட ஒட்டுக்கா எறங்கும். அதுக்குத்தான் செவுத்துத் தலையில கம்பி கட்டி ஒரு பெல்ட்டுக் கான்கிரீட்டு ஓட்டோணும்கிறது. அகலமாவே ஓட்டு, ஓரத்துக்கு ஒட்டி ஓட்டை போட்டாக் கான்கிரீட்டு பேந்துக்கும்.

அப்புறம் ஒண்ணு. இந்தத் திண்ணைக்குக் கீழ இருக்கறது மலை மண்ணா, ஊடு கட்டறப்ப வெட்டிக் கொட்டின மண்ணா? கொட்டின மண்ணுன்னா அது இன்னும் உக்காந்துக்கிட்டே இருக்கும். அதுல அஸ்திவாரம் போட்டா, ரெண்டு மழைக்குப் பொறவு உன்ற கண்ணாடியெல்லாம் பல்லு விழுந்த கெழவன் மாதிரி ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளியன்னு நிக்கும்.

அம்மிணி, டீ நல்லா இருக்குது. இன்னொரு அரை டம்ளர் கொண்டாயா. உங்க ஊட்டுக்காரனைத் திட்டறனேன்னு நெனைக்காத, மாப்பிள்ளை முறைக்காரனைக் கேலி பண்ணாட்டி என்ற நாக்குல புண்ணு வந்துரும்.

மறுபடியும் சரிவுக்கு வருவோம். இது அடிச் செவுத்துக்கு வர்றதுக்குள்ள 12 அடி எறங்குதுன்னேன் இல்லையா? இதை மூணு தட்டா ஆக்கு. தேயிலைக்காட்டுக்காரங்களைப் பாரு, மலையோட வளைவுக்குத் தக்கன குறுக்க வரிசை புடிச்சு நட்டிருக்காங்க. மேலிருந்து கீழ நேரா ஒருத்தனும் நடலை. பக்கத்து ஹட்டியில கேரட்டுப் போட்டிருக்கறதையும் பாரு, தட்டுத் தட்டா எறக்கியிருக்காங்க. கொழந்தை ஓடினா ஒரு தட்டு முடியற எடத்துல நிக்கும், அடுத்த தட்டுக்குப் படியில எறங்கோணும். படி ஆறங்குலம்னா எல்லாப் படியும் ஆறங்குலம். ஒரு படி மட்டும் எட்டுன்னு வெச்சே, கொழந்தை விழறதுக்கு முன்னால உன்ற மாமன் விழுவான். தட்டு வெட்டறேன்னு ஜேசிபிக்குப் போன் போட்டுராத. நீலகிரியில அந்த வண்டியைக் கொண்டாரக் கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கோணும். நாலு ஆளு, நாலு மம்பட்டி, பத்து நாளு. செவுத்து அடியை மட்டும் நோண்ட விடாத. தட்டோட ஓரத்துக்கு வெட்டிவேர் நடு. மூணு மீட்டர் ஆழம்கூட வேர் விடும், மண்ணைத் தச்ச மாதிரி புடிச்சுக்கும். தேயிலைக்காரங்க கௌத்தமாலாப் புல்லுனு ஒண்ணு போடறாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்குது. எங்க ஊர்ல கிளுவை நட்டு வேலி கட்டினோம், தடுப்புக்குத் தடுப்பு, ஆட்டுக்குத் தழை. இந்தக் குளிருக்கு அது வராது, இல்லாட்டி ஒரு கட்டுக் குச்சி கொண்டாந்து உன்ற டைல்ஸ் திண்ணையில நட்டுட்டுப் போயிருப்பேன்.

இத்தனையும் பண்ணிட்டா அப்புறம் அந்த அடிச் செவுத்துக்குத் தடுப்பு. அதுக்குக் கண்ணாடிதான் வேணுமா? நானும் "அதெல்லாம் எதுக்கு, பைப்பு போட்டா ஆகாதா"ன்னுதான் மொதல்ல நெனச்சேன். கோயமுத்தூர்ல என்ற மகன் ஊட்டுல மாடிக்குப் படுக்கைவசமா நாலு வரிசை பைப்பு போட்டிருக்கான். பேரன் அதை ஏணின்னு நெனச்சு மூணாவது வரிசை வரைக்கும் ஏறி நின்னு, கீழ போற ஐஸ் வண்டிக்காரனைக் கூப்பிடறான். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, கண்ணாடியில காலு வெக்க எடமில்லைன்னு. அடுப்படியில நின்னு அம்மிணி பாத்தாலும் கொழந்தை என்ன பண்ணுதுன்னு தெரியும். ஆக உன்ற கண்ணாடிக்கு நான் எதிரியில்லை. கொட்டேசன்ல கண்ணாடியை ஒட்டி ஒரு கல்லு பெஞ்சு வரைஞ்சிருக்கே பாரு, அதுக்குத்தான் எதிரி. ஏணியை எடுத்துட்டு நாற்காலி போட்டுக் குடுக்கற. பெஞ்சு, பூந்தொட்டி எல்லாத்தையும் நாலடி தள்ளி வெய்யி.

கண்ணாடியைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? வர்ற வழியில மேட்டுப்பாளையத்துல ஒரு கண்ணாடிக் கடையில ஏறினேன். "பொண்ணுக்கு ஊடு கட்டறேன், லட்ச ரூவாய்க்கு மேல ஆர்டரு"ன்னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அந்தப் பையன் டீ வாங்கிக் குடுத்து, ஒரு மணி நேரம் பாடம் நடத்திட்டான். பாவம், நல்ல பையன். நீ அங்கயே வாங்கு, என்ற பொய்யும் நேராகிப் போகும்.

அவன் சொன்னது இது. சாதாரணக் கண்ணாடி ஒடைஞ்சாக் கத்தி. டஃபன் கிளாஸ்ங்கறது அதையே 600 டிகிரிக்கு மேல காய வெச்சு, காத்தடிச்சுச் சட்டுனு குளிர வெக்கறது. மேல்தோல் இறுகிக்கும், உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டு நிக்கும். நாலஞ்சு மடங்கு பலம். ஒடைஞ்சாக் கல்கண்டு மாதிரி துண்டு துண்டாக் கொட்டிரும், அறுக்காது. ஆனா மாப்பிள்ளை, கொட்டிரும். அந்த எடத்துல அப்புறம் காத்துதான். கொழந்தை சாஞ்ச நேரத்துல கொட்டினா? இன்னும் ஒண்ணு இருக்குது. கண்ணாடி காச்சறப்ப நிக்கல்ல ஒரு துளித் தூசு உள்ள மாட்டிக்கும். கடுகுக்கும் சின்னது, கண்ணுக்குத் தெரியாது. அது மெதுவா வீங்கி, ஒரு நாள் யாரும் தொடாமயே கண்ணாடியை வெடிக்க வெச்சுரும். உங்கம்மா இருந்தா கண்ணு பட்டுட்டுதுன்னு சுத்திப் போடச் சொல்லியிருப்பா. அந்த மாதிரிக் கண்ணாடியை முன்கூட்டியே வடிகட்டத்தான், மறுபடி அடுப்புல வெச்சுச் சூடு காட்டிப் பாக்கறாங்க. பொழைக்காததெல்லாம் அங்கயே வெடிச்சுரும். "சூடு காட்டினதா"ன்னு கேட்டு வாங்கு.

அதனால லேமினேட்டட் போடு. ரெண்டு டஃபன் கண்ணாடிக்கு நடுவுல பசைத்தாளை வெச்சு ஒட்டினது. கார் முன்கண்ணாடி கல்லடிபட்டு வலை மாதிரி விரிசல் விட்டும் கீழ கொட்டாம நிக்குதே, அந்த ஜாதி. இதைக் கண்டுபுடிச்ச கதையைக் கேளு. 1903-ல பிரான்சுல எடுவார் பெனடிக்டஸ்னு ஒருத்தரோட குடுவை ஒண்ணு கைதவறி விழுந்துட்டுது. ஒடைஞ்சுது, ஆனா சிதறலை. எப்பவோ உள்ள ஊத்தின பசை காஞ்சு தோலாட்டம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்குது. 1909-ல பேடண்ட் வாங்கிட்டார். குடுவையைக் கழுவாம வெச்சதுக்கு ஒருத்தர் பேர் வாங்கியிருக்கார். நம்ம ஊட்டுல கழுவாம வெச்சா அம்மிணிகிட்ட வாங்கறது வேற.

எடையையும் கேட்டுக்க, தூக்கறவன் உன்னை நம்பி வர்றான். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ரெண்டரைக் கிலோ. 12 மில்லின்னா 30 கிலோ. எட்டும் எட்டும் ஒட்டினதுன்னா 40 கிலோவுக்கு மேல. அதைச் சரிவுல, மழையில, வழுக்கற புல்லுல தூக்கிட்டு எறங்கோணும். மார்கழி, தையில வேலையை வெய்யி. ஒவ்வொரு கண்ணாடி மூலையிலயும் ஐஎஸ் 2553-னு முத்திரை இருக்குதான்னு குனிஞ்சு பாரு. இல்லைன்னா எறக்க விடாத.

முக்கியமான எடம் இனிமேத்தான் வருது. படியோரத்துக்கும் தடுப்பு வேணும்னு கேட்டிருக்கே, சரி. அங்க தரை சாயும், கண்ணாடி சதுரமா இருக்கும். சரிவுல சதுரத்தை நிறுத்தினா அடியில முக்கோணச் சந்து விழும். மேல ஒரு மீட்டருக்குக் குறையாம ஒசரம் வெச்சு, கீழ கொழந்தை படுத்து நழுவிப் போற அளவுக்கு ஒரு வழியும் விட்டா, அது தடுப்பே இல்லை. எந்தச் சந்தும், கீழயோ ரெண்டு கண்ணாடிக்கு நடுவுலயோ, நாலங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாது. கொழந்தை ஒடம்பு நுழையாத அளவு அதுதான். சரிவுக்குத் தக்கன சாய்வா வெட்டின கண்ணாடி கேக்கோணும். டஃபன் ஆனதுக்கப்புறம் அதை ஒரு இஞ்சு அறுக்க முடியாது, ஓட்டை போட முடியாது, தொட்டாக் கொட்டிரும். அதனால மொதல்லயே அட்டையில வெட்டி வெச்சுப் பாத்து அளவு குடு. பட்டுத் துணி வெட்டறவன் மாதிரி, ஒரே வெட்டு. ஒட்டின கண்ணாடியோட அடியைச் சேனல்ல மாட்டினா, அந்தச் சேனலுக்கும் தண்ணி வடிய ஓட்டை வெய்யி. தண்ணியிலயே நின்னா ஒட்டின ஓரம் வெளுத்துப் பிரிய ஆரம்பிக்கும். பாத்தியா, இங்கயும் ஓட்டைதான். உன்ற பெயிண்டர்கிட்ட மட்டும் காட்டிராத.

மேல ஒரு கைப்புடி ஓட்டு. "வ்யூ கெட்டுரும்"ங்காத. கண்ணாடி ஒண்ணு போனாலும் கைக்கு ஒரு கம்பி நிக்கோணும். எனக்கும் எந்திரிக்கறப்ப புடிக்க ஏதாச்சும் வேணும்.

இந்த வரி என்ன? எஸ்எஸ் 316, கடல் காத்துக்குத் துரு புடிக்காது. ஆகா. கோத்தகிரிக் கடல்ல இப்ப அலை எப்படி? மீன் படுதா? கடலோரத்துலயும் நீச்சல் குளத்துலயும் போடற சரக்கை உன்ற தலையில கட்டப் பாத்திருக்கான். 304 போதும், வருசத்துக்கு ரெண்டு தடவை தொடைச்சு விடு. மிச்சமாகற காசை ஜல்லிக்குக் குடு.

தொடைக்கறதுன்னதும் நெனப்பு வருது. இந்த ஊரு மஞ்சுக்குக் கண்ணாடியில காலையில பூரா வேர்வை நிக்கும், ஓரத்துல பாசி புடிக்கும். நீ மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றவன். உள்பக்கம் நீ தொடைப்பே. வெளிப்பக்கம்? ஏழடிப் பள்ளத்துல ஏணி வெச்சா?

அக்கம்பக்கத்து ஆளுங்களையும் கேக்காம இருக்க முடியாது. காட்டெருமை உன்ற தோட்டத்துக்கு வருதா இல்லையா? பெரிய கடா ஒண்ணு ஒரு டன்னுகிட்ட வரும். கண்ணாடியில தன்னையே பாத்து, "யார்ரா இவன் என்ற எல்லையில"ன்னு கேட்டுச்சுன்னா என்ன பதில் சொல்லுவே? கொட்டேசனைக் காட்டுவியா? கரடி கண்ணாடியைப் பாக்காது, அதுக்கு அம்மிணி வெளக்குக்கு ஊத்தற எண்ணெய்தான் முக்கியம். ராத்திரி எண்ணெய்க் குடத்தை உள்ள வெய்யுங்க. கண்ணாடியால நெசமாவே அடிபடறது சின்னானும் தேன்சிட்டும்தான். அதுக்கு அது கண்ணாடின்னு தெரியாது, அக்கட்டால மரம் தெரியுது, வானம் தெரியுது, நேரா வந்து அடிச்சுக்கிட்டுச் செத்துப்போகும். இதுக்கு உன்ற ஊட்டுலயே வைத்தியம் இருக்குது. அம்மிணிக்குப் புள்ளிக்கோலம் வரும் இல்லையா? கண்ணாடியோட வெளிப்பக்கம் பூரா ரெண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வெச்சாப் போதும், குருவிக்கு அது சுவருன்னு புரிஞ்சுரும். புள்ளி வெச்ச ஸ்டிக்கர் கெடைக்குது, கண்ணாடியிலயே பதிச்சும் குடுக்கறாங்க. புள்ளி இருந்தா ஒறம்பரை வந்து மூக்கை இடிச்சுக்க மாட்டாங்க. போட்டோவுல கொஞ்சம் புள்ளி விழும், பொறுத்துக்க.

என்னடா சிரிக்கற? கெணத்துக் கதை ஞாபகம் வந்துட்டுதா? உங்கம்மா சொல்லிட்டாளா?

சரி, நானே சொல்லிடறேன். அவ சொன்னா இன்னும் கூட்டித்தான் சொல்லுவா. எனக்கு அப்ப முப்பது வயசு. எங்க கெணத்துக்குக் கைப்புடிச்செவுரு கெடையாது. உங்கம்மா கல்யாணம் ஆகற வரைக்கும் தெனம் சொன்னா: "அண்ணா, கெணத்தைச் சுத்தி ரெண்டடி செவுரு எழுப்பு." "நாப்பது வருசமா யாரு விழுந்தா"ன்னு நான் கேட்டேன். அந்த வருசமே பம்புசெட்டு ரூம்புக்கு மட்டும் பூ வேலை போட்ட கிரில் கேட்டு போட்டேன், ரோட்டுல போறவங்களுக்குத் தெரியற மாதிரி. ஒரு அமாவாசை ராத்திரி மோட்டார் போடப் போனவன், கிரில் கேட்டுச் சாவியைத் தேடிக் குனிஞ்சுக்கிட்டே பின்னால ரெண்டு எட்டு வெச்சேன். கெணத்துல தண்ணி இருந்துது, நீச்சலும் தெரியும். விடியற வரைக்கும் படியில உக்காந்து கத்தினேன். காலையில பால் கறக்க வந்தவன் மொதல்ல கேட்டது, "ஏனுங்க கவுண்டரே, உள்ள என்ன பண்றீங்க?" உங்கம்மா வந்து எட்டிப் பாத்தா. ஒரு வார்த்தை பேசலை. இன்னைக்கு வரைக்கும் கார்த்திகைக்கு வந்தா அந்தக் கெணத்துச் செவுத்து மேல மொத வெளக்கை வெச்சுட்டுத்தான் ஊட்டுக்குள்ளயே நொழையறா.

மணி என்ன? நாலு மணி பஸ்ஸை விட்டா உன்ற ஊட்டுலதான் படுக்கோணும், கரடிக்கு எண்ணெய்க் கணக்குச் சொல்லிக்கிட்டு. அந்த நாலாவது எலுமிச்சம்பழத்தை அம்மிணிகிட்டக் குடு, ரசத்துக்கு ஆகும். எங்க அது? பொடுசு எடுத்துட்டாளா?

ஏ கண்ணு, தாத்தாகிட்டக் கொண்டா. உருட்டாத, உருட்டாத... உருட்டிட்டா. மாப்பிள்ளை, நின்னு பாத்துக்கிட்டு இருக்காத, கொய்யாமரத்துக்கு அக்கட்டால போய் நில்லு. அவளும் அதும் பொறகாலயே வர்றா.